தலைவர் வீட்டுக் கட்டுத்தறி

அத்தியாயம் 14

சங்கத்துக்குப் பதிவு எண் வந்த சந்தோஷத்தில் லோகப்பிரியா ஒரு குண்டா நிறையக் கேசரி கிளறி, வள்ளி கார்டன் முழுக்கக் கொடுத்தனுப்பினாள் அல்லவா? அந்தக் கேசரி அன்றைக்கே தீர்ந்துபோனது. சந்தோஷம் இன்று காலை வரைக்கும் தாங்கியது.

காலையில் அவள் தோசைக்கல்லைக் காய வைத்துக்கொண்டிருந்தபோது மாநகராட்சி மண்டல அலுவலகத்திலிருந்து போன். அதிகாரி மதிவதனி மேடம் சாயங்காலம் நேரில் வருகிறாராம். வந்து பார்த்து அவருக்குத் திருப்தியானால், வள்ளி கார்டன் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு மாநகராட்சி அங்கீகாரம். வடக்குக் கோடியில் பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் சைட்டைப் பூங்காவாக்கிப் பராமரிக்கிற பொறுப்பும் சங்கத்துக்கே வரும்.

"ரிசர்வ் சைட்டுல ஆக்கிரமிப்பு எதுவும் இல்லீங்களே? இருந்தா மேடம் பரிந்துரை பண்ண மாட்டாங்க," என்றது போன்.

"பாத்துக்கலாங்க," என்றாள் லோகப்பிரியா.

எங்கள் பக்கத்தில் 'பாத்துக்கலாங்க' என்று ஒருவர் சொன்னால், மூஞ்சிக்கு நேராக முடியாது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். போனில் பேசியவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல், "செரிங்க" என்று வைத்துவிட்டார்.

தோசை கருகியது.

ஆக்கிரமிப்பு இருந்தது. நன்றாகவே இருந்தது. தகரக் கூரை போட்ட கட்டுத்தறி, அதில் செவலை, மயிலை என்று இரண்டு மாடுகள், ஒரு கன்றுக்குட்டி, சோளத்தட்டுப் போர், ஒரு கயிற்றுக் கட்டில். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் லோகப்பிரியாவின் மாமனார் வெள்ளியங்கிரி. சங்கத்தின் தலைவரும் அவரேதான்.

இது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த வள்ளி கார்டன் ஒரு காலத்தில் அவருடைய தோட்டம். அதை மனைகளாகப் பிரித்துச் சைட் போட்டபோது மனைவி பேரையே அதற்கு வைத்தார். சட்டப்படி வடக்குப் பக்கத்தை மாநகராட்சிக்குத் தானமாக எழுதியும் கொடுத்தார். எழுதிக் கொடுத்தாரே தவிர, மாடுகளை அவிழ்க்கவில்லை. பொறுப்பு எடுக்க ஆள் வருகிற வரைக்கும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வருஷங்கள் ஓடின. வீடுகள் வந்தன. வந்தவர்கள் எல்லாரும் கட்டுத்தறியைப் பார்த்தார்கள், தூக்குப்போசியை நீட்டிப் பால் வாங்கிக்கொண்டு போனார்கள். பெரிய மனுசன், நல்ல மனுசன், நெலத்துக்காரர். அவரிடம் போய் யார் சொல்வது?

சங்கம் ஆரம்பித்தபோது பொருளாளர் நிஜாம் ஒரு யோசனை சொன்னார். டயர் கடைக்காரர், சாமர்த்தியசாலி.

"அவரையே தலைவராக்கிருவோமுங்க. தலைவர்னு ஆனதும் கூச்சப்பட்டு அவரே காலி பண்ணிருவாரு. நாம ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை."

எல்லாரும் கை தட்டினார்கள். மேடையில் உட்கார வைத்து ரோசாப்பூ மாலை போட்டார்கள். அடுத்த வாரமே வெள்ளியங்கிரி கட்டுத்தறியை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கூரை போட்டார்.

"தலைவர்னா நாலு பேரு தேடி வருவாங்க. நெழல்ல உக்கார எடம் வேண்டாமுங்களா?" என்று நிஜாமிடமே கேட்டார். நிஜாமும், "வேணுமுங்க, வேணுமுங்க" என்று தன் கடையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தனுப்பினார். சாமர்த்தியம் அவ்வளவுதான்.

லோகப்பிரியா சிரித்துக்கொண்டே விட்டிருப்பாள். ஆனால் இந்தப் பூங்கா அவளுக்கு விளையாட்டு இல்லை. போன வருஷம் வீதியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த மகள் கனிஷ்காவின் மேல் தண்ணீர் லாரி ஒன்று ஏறப்பார்த்தது. குழந்தை துள்ளி விழுந்து தப்பினாள், சைக்கிள் சப்பையாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்க மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவள், விடிந்ததும் வீடு வீடாகப் படியேறி ஆரம்பித்ததுதான் இந்தச் சங்கம்.

"ஏனுங்க," என்றாள் புருஷனிடம். "நீங்க பெத்த மகன். நீங்க போயி மாமாகிட்டச் சொல்லுங்க."

கதிர்வேல் பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடையும் பட்டறை வைத்திருப்பவன். இரும்பை எப்படி வேண்டுமானாலும் வளைப்பான். அப்பா முன்னால் மட்டும் அவன் வளைந்துவிடுவான்.

"இன்னைக்கேவா?"

"சாயங்காலம் ஆபீசர் வாராங்க. பொறவு எப்பங்க சொல்றது?"

போனான். லோகப்பிரியா வாசலிலேயே நின்றாள். வெகுநேரம் கழித்துக் கதிர்வேல் திரும்பி வந்தான். முகத்தில் ஒரே பூரிப்பு.

"சொல்லிட்டீங்களா?"

"பேசுனேன் புள்ள. மனசு உட்டுப் பேசுனேன். அப்பாகூட இப்படிப் பேசி எத்தனை நாளாச்சு!"

"என்னங்க பேசுனீங்க?"

கதிர்வேல் தலையைச் சொறிந்தான். "அன்னூர்ல நம்ம கூட்டாளி எழில் ஊட்டுல ஒரு எருமை இருக்குதாம். நல்ல கறவையாம். அப்பாவுக்கு ரொம்ப நாளா ஆசை போல. மூஞ்சியப் பாத்துட்டு முடியாதுன்னு சொல்ல வரலை. செரி, வாங்கிக்கலாமுங்கப்பான்னு சொல்லிப்போட்டேன். இன்னைக்கே வண்டியில ஏத்தி உடறேன்னு எழிலும் சொல்லிட்டான்."

"காலி பண்ணச் சொல்லி அனுப்புனா, எருமை வாங்கிட்டு வந்து நிக்கறீங்களே! உங்களை என்னன்னுங்க சொல்றது?" லோகப்பிரியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்து நிஜாமைப் பிடித்தாள். யோசனை சொன்னவர் அவர்தானே, அவரே போகட்டும். நிஜாம் தைரியமாகத்தான் கிளம்பினார். திரும்பும்போது கையில் ஒரு தூக்குப்போசி.

"தயிருங்க," என்றார் குற்றவாளி மாதிரி. "அந்த மயிலைய 'வா கண்ணு'ன்னு கூப்புட்டாருங்க. அதுவும் வந்து அவரு தோள்ல தலைய வெச்சுக்குது. அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எப்படிங்கக்கா வாயத் தொறக்கறது? என்னால ஆகாதுங்க."

மிச்சம் இருந்தது மாமியார் வள்ளியாத்தாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"சைட்டுப் போட்ட வருசம் உங்க மாமன் எப்படி இருந்தாருன்னு உனக்குத் தெரியாது அம்மணி. சோறு எறங்கலை. வெளிய வரலை. காரணம் கேட்டா ஒண்ணுமில்லைம்பாரு. அந்த மாடுக கத்துனதுக்காகத்தான் ஒரு நா எந்திரிச்சு வந்தாரு. அதுகளையும் அவுக்கச் சொல்றியா?"

"அதுக்காக இல்லீங்கத்தை..."

"நீ ஒண்ணுஞ் சொல்லாத. அந்த ஆபீசரம்மாவுக்கு நான் நல்ல பாலா ஒரு டம்ளர் குடுக்கறேன். பாலக் குடிச்சுட்டு மாட்டக் குத்தஞ் சொல்ல எந்த மனுசிக்கு மனசு வரும்? மீறி நீ வாயத் தொறந்தீன்னா, பாத்துக்க, நான் உன்ற கூடப் பேசவே மாட்டேன்."

லோகப்பிரியா சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கொடுமுடியிலிருந்து அவள் மருமகளாக வந்தபோது படிப்பு பாதியில் நின்றிருந்தது. கல்யாணமான பெண்ணுக்குப் பரீட்சை எதற்கு என்று சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் பேசியபோது, தன் மொபெட்டில் அவளை ஏற்றிக்கொண்டுபோய்க் கல்லூரி வாசலில் விட்டவர் இந்த மாமாதான். பரீட்சை முடிகிற வரைக்கும் புளியமரத்தடியில் காத்திருந்தார். வெளியே வந்ததும், "நல்லா எழுதுனியா அம்மணி?" என்று இளநீர் வெட்டச் சொன்னார். சொந்த அப்பா இல்லாத குறையே தெரியாமல் வைத்துக்கொண்டவர். அவரிடம் போய், மாட்டை அவிழுங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்ன பிறகு அவர் அம்மணி என்று கூப்பிடாமல் போய்விட்டால்?

சாயங்காலம் மாநகராட்சி ஜீப் வந்தது. வள்ளி கார்டனின் மூன்று வீதிக்காரர்களும் ஒட்டுக்காகத் திரண்டு வந்து நின்றார்கள். வெள்ளியங்கிரி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாகத் தலைவருக்குரிய தோரணையோடு எதிர்கொண்டு வரவேற்றார்.

"வாங்க மேடம், வாங்க. வெயில்ல வந்துட்டீங்க."

மதிவதனி மேடம் நடுத்தர வயது. அவிநாசிப் பக்கம் என்பது அவர் 'வாரேனுங்க' என்றதிலேயே தெரிந்தது. வெள்ளியங்கிரி சாக்கடையைக் காட்டினார், தெருவிளக்கைக் காட்டினார், குப்பையைப் பிரித்துப் போடும் தொட்டிகளைக் காட்டினார். எல்லாம் பளிச்சென்று இருந்தது. மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. ரிசர்வ் சைட் எங்கீங்க?"

"இதா, இப்படி வாங்க," என்று வெள்ளியங்கிரி முன்னால் நடந்தார். பின்னால் வந்த கூட்டம் சட்டென்று மெதுவாக நடக்க ஆரம்பித்தது.

மேடம் கட்டுத்தறி முன்னால் நின்றார். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் வள்ளியாத்தாள் ஆவி பறக்கும் டம்ளரை நீட்டினாள்.

"குடிங்க கண்ணு. இப்பக் கறந்தது."

மேடம் குடித்தார். "அருமையான பாலுங்க."

"நம்ம செவலையுதுங்க," என்றார் வெள்ளியங்கிரி பெருமையாக.

"இந்தக் கொட்டாய்... ஆருதுங்க?"

"நம்முளுதுதானுங்க."

மேடம் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பெரியவரின் வெள்ளை மீசையும் மலர்ந்த முகமும் எதிரே இருந்தன. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"செரிங்கய்யா," என்றார். "பாத்துக்கலாங்க."

கூட்டத்தில் எல்லாரும் 'அப்பாடா' என்று மூச்சு விட்டார்கள். வள்ளியாத்தாள் மருமகளைப் பார்த்து, எப்படி என் பால் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். லோகப்பிரியாவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. இந்த வார்த்தையைத்தானே அவளும் காலையில் போனில் சொன்னாள்! அங்கீகாரம் போச்சு. பூங்கா போச்சு. அது மட்டுமா? நாளைக்கோ அடுத்த மாசமோ, முன்பின் தெரியாத யாரோ வந்து மாமாவின் பேரைப் போட்டு, ஆக்கிரமிப்பாளர் என்று நோட்டீஸ் அடித்து இந்தத் தகரத்தில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அதைப் பால் வாங்க வருகிற ஒவ்வொருவரும் படிப்பார்கள். மாமாவும் படிப்பார்.

அதற்குத் தன் வாயால் இப்போதே சொல்லிவிடுவது மேல்.

"மாமா," என்றாள். "இது நம்ம எடம் இல்லீங்க மாமா."

வெள்ளியங்கிரி திரும்பினார்.

"நீங்களே எழுதிக் குடுத்த எடமுங்க. கட்டுத்தறி இங்க இருக்கற வரைக்கும் சங்கத்துக்கு அங்கீகாரம் கெடைக்காதுங்க. மேடத்துக்கும் சொல்ல வரலை. கனிஷ்கா ரோட்டுல வெளையாடறதப் பாத்துப் பாத்து எனக்கு ஈரக்கொலை நடுங்குதுங்க மாமா. அதுதான் சொல்லிப்போட்டேன். மன்னிச்சுக்கங்க."

மயிலை சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளியங்கிரி மகனைப் பார்த்தார். "கதிரு. காலையில இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"ஆமாங்கப்பா."

"அப்பறம் எதுக்குடா எருமைக்குச் செரின்னே?"

கதிர்வேல் தரையைப் பார்த்தான்.

"பாய், நீங்களும் இதுக்குத்தான் வந்தீங்களா?"

"ஆமாங்க தலைவரே," என்றார் நிஜாம், தன் செருப்பைப் பார்த்தபடி.

"அப்ப... என்னையத் தலைவராக்குனது?"

நிஜாமின் கண் தான் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் போய் நின்றது. அதுவே பதிலாகப் போயிற்று.

பெரியவர் கயிற்றுக் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு மாலை போட்டீங்களே," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "ஊட்டுக்குப் போயி அதை ஆணியில மாட்டி, காயற வரைக்கும் வெச்சிருந்தேன். நெலம் போனாலும் நம்மளை ஒரு ஆளா மதிக்கறாங்கன்னு நெனச்சேன்."

அத்தனை பேருக்கும் தலை குனிந்துவிட்டது. லோகப்பிரியாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மதிச்சதாலதானுங்க மாமா ஆருக்கும் வாய் வரலை."

"மதிச்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லீருக்கோணுமுல்ல? சொல்லீருந்தா மறுநாளே அவுத்திருப்பனே! எல்லாருக்கும் தெரிஞ்சு, எனக்கு மட்டும் தெரியாம, நான் பாட்டுக்குத் தலைவர்னு சேர் போட்டு உக்காந்திருக்கறனே. கூத்து மாதிரியில்ல இருந்திருக்கும், பாத்தவங்களுக்கு?"

எழுந்தார். லோகப்பிரியாவைத் தாண்டி, ஒரு வார்த்தை பேசாமல் கட்டுத்தறிக்குள் போனார். முடிந்தது என்று அவள் நினைத்தாள். இனி அவர் 'அம்மணி' என்று கூப்பிடப்போவதில்லை. உள்ளே செவலையின் கழுத்தைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. கயிறு அவிழும் சத்தம் கேட்டது.

"அம்மணி!"

லோகப்பிரியா நிமிர்ந்தாள்.

"அங்க நின்னுக்கிட்டு என்ன பண்றே? இங்க வந்து கன்னுக்குட்டியப் புடி. அது என்ற கையில நிக்காது."

முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். கன்றுக்குட்டியின் கயிற்றை வாங்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"அழுவாத. பேத்தி வெளையாடறதுக்கு எடம் உடலைன்னு நாளைக்கு ஆராச்சும் என்னையச் சொல்லீருந்தா, அப்பத்தான் நான் செத்தே போயிருப்பேன்."

வீதி வழியாக ஊர்வலம் போயிற்று. முன்னால் வெள்ளியங்கிரி, இரண்டு கையிலும் இரண்டு மாடு. பின்னால் லோகப்பிரியா, கன்றோடு. அதற்குப் பின்னால் மாநகராட்சி அதிகாரியும் மொத்தச் சங்கமும். தன் வீட்டு வாசலில் பெரியவர் வந்து நின்றார். போர்ட்டிகோவில் கதிர்வேலின் புதுக் கார், காலையில் துடைத்த பளபளப்பு இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தது.

"கதிரு, காரை எடுத்து வீதியில உடு."

கதிர்வேலின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவன் காரைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

"செரிங்கப்பா," என்றான். வேறு என்ன சொல்வான்?

போர்ட்டிகோ தூணில் மாடுகளைக் கட்டி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார் வெள்ளியங்கிரி.

"மேடம், தகரத்தை நாளைக்கு விடிஞ்சதும் பிரிச்சுப்போடறேன். போதுமுங்களா?"

"பிரிச்சதும் ஒரு போட்டோ அனுப்புங்கய்யா," என்றார் மதிவதனி. "நாளைக்கே பரிந்துரை எழுதி மேல அனுப்பிடறேன். உங்க சங்கத்துக்கு அங்கீகாரம் வந்துருமுங்க." இந்தத் தடவை 'பாத்துக்கலாங்க' இல்லை.

கூட்டம் ஆரவாரம் பண்ணியது. கனிஷ்கா எங்கிருந்தோ ஓடிவந்து, "அப்பாரு, ஊஞ்சல் வருமா?" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் தலையில் கை வைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னொண்ணுங்க. தலைவர் பேரை மாத்தோணும்."

"ஐயோ, வேண்டாமுங்க தலைவரே!" என்று நிஜாம் பதறினார். "தப்பு எங்க மேலதானுங்க."

"கோவத்துல சொல்லலை பாய். சங்கத்துக்குத் தலைவர்னா, பக்கத்து ஊட்டுக்காரன் தப்புப் பண்ணாலும், மாமனாரே தப்புப் பண்ணாலும், மூஞ்சிக்கு நேரா சொல்லத் தெரியோணும். அது எனக்கும் வராது, உங்களுக்கும் வராது. இத்தனை பேர்ல ஒருத்திக்குத்தான் வந்துது." மருமகளைக் கை காட்டினார். "இவதான் இனித் தலைவர். மேடம், முறைப்படி என்ன பண்ணோணுமோ சொல்லுங்க."

"பொதுக்குழு கூடித் தீர்மானம் போடோணுங்க."

"பொதுக்குழு இதா நிக்குது."

"வேண்டாங்க மாமா, என்னால ஆகாதுங்க..." என்று லோகப்பிரியா சொல்லச் சொல்ல, வாசல் முழுக்கக் கைகள் உயர்ந்தன. கதிர்வேல் இரண்டு கையையும் தூக்கினான். ஒரு கையை மட்டும் தூக்கும்படி நிஜாம் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

உயராத கை ஒன்றே ஒன்றுதான். வள்ளியாத்தாள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு, மருமகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள் அவள். லோகப்பிரியா அதைக் கவனித்தாள். மனசில் ஒரு முள் தைத்தது. ஆனாலும் கனிஷ்கா அவள் கையைப் பிடித்து இழுத்து, சறுக்குமரம் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் முள் பெரிதாக வலிக்கவில்லை.

மேடத்தின் ஜீப் கிளம்பிப் போனது. அது திரும்பிய அதே முனையிலிருந்து ஒரு மினி லாரி உள்ளே வந்தது. மேலே கறுப்பாக, மினுமினுவென்று, வளைந்த கொம்போடு ஒரு எருமை. போதாததற்குப் பக்கத்தில் ஒரு கன்றும். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க, வெள்ளியங்கிரி அய்யா ஊடு இதுதானுங்களா? அன்னூர்ல இருந்து எழில் அனுப்பி உட்டாருங்க. எங்கீங்க எறக்கறது?"

கதிர்வேல் சத்தமில்லாமல் நிஜாமின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். போர்ட்டிகோவில் இனி ஒரு கோழி கட்டக்கூட இடமில்லை. எல்லாரும் பழக்கதோஷத்தில் வெள்ளியங்கிரியைப் பார்த்தார்கள். அவர் எருமையை ஆசை தீர ஒரு தடவை பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னையக் கேட்டா?" என்றார். மீசைக்குள் ஒரு சிரிப்பு. "தலைவரைக் கேளுங்க."

அத்தனை முகமும் லோகப்பிரியா பக்கம் திரும்பியது. எருமையும் திரும்பியது. மாமாவின் கண்ணில் இருந்த ஆசையை அவள் பார்த்தாள். 'பாத்துக்கலாங்க' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்ட வார்த்தையை அப்படியே உள்ளே விழுங்கிக்கொண்டு, வாயைத் திறந்தாள்.